முத்திரைக்குப் பின்னே நிற்பவர்கள்

பழைய அமெரிக்க வெள்ளித் தட்டார்களில் நமக்குத் தெரிந்த பெயர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பால் ரிவியர். 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, ஆங்கிலப் படை புறப்பட்டுவிட்டது என்று குதிரையேறிச் சென்று ஊருக்கு அறிவித்தவர் அவர். 1861-இல் வெளிவந்த லாங்ஃபெல்லோவின் கவிதை அவரைத் தனிப்பெரும் வீரராக்கிவிட்டது. தனி ஒருவரைப் பாடுவது கவிஞரின் உரிமை. வரலாறு பயிலும் நாமும் அவ்வாறே செய்யலாமா? கூடாது என்பதே என் துணிபு.

வெள்ளிப் பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ ஒரு பெயர்தான் முத்திரையாக இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னே தந்தை, மாமனார், சகலர், மைத்துனர், கூட்டாளி, தொழில் பழகும் பையன் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் உறவுகளை ஒரு படமாக வரைந்து பார்த்தால் அன்றி, அந்தத் தொழிலின் வரலாறு விளங்காது.

பாஸ்டன் நகரிலிருந்தே தொடங்குவோம். 1652-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் குடியேற்ற அரசு ஒரு நாணயச்சாலையை நிறுவி, ஜான் ஹல் என்பவரிடம் ஒப்படைத்தது. ஹல் இத்தொழிலைக் கற்றது தன் அண்ணன் ரிச்சர்ட் ஸ்டோரரிடம். இருவருக்கும் தாய் ஒருவர், தந்தையர் வேறு. நாணயச்சாலையில் ஹல் சேர்த்துக்கொண்ட கூட்டாளி, லண்டனில் தொழில் பயின்ற ராபர்ட் சாண்டர்சன். 1659-இல் ஹல்லிடம் தொழில் பழகச் சேர்ந்த பையன் ஜெரமையா டம்மர். டம்மருக்கு அடுத்து அந்நகரில் பெரும்புகழ் பெற்றவர் ஜான் கோனி. கோனியிடம் தொழில் பழகியவர் பிரான்சு நாட்டிலிருந்து வந்த அப்போலோஸ் ரிவ்வார். அவருடைய மகன்தான் நம் பால் ரிவியர்!

இந்தச் சங்கிலியில் டம்மருக்கும் கோனிக்கும் இடையே உள்ள கண்ணி எது? கோனி யாரிடம் தொழில் கற்றார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹல் என்பார் சிலர். டம்மர் என்பார் சிலர். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு தொடர்பு உண்டு. டம்மரின் மனைவி அன்னா, கோனியின் மனைவி மேரி, இருவரும் அட்வாட்டர் குடும்பத்துச் சகோதரிகள். அதாவது அந்த இரு தட்டார்களும் சகலர்கள். பெண்களை விட்டுவிட்டுப் படம் வரைந்தால், இருவரும் ஒரே ஊரில் போட்டியிட்ட இரு வணிகர்களாக மட்டுமே தோன்றுவார்கள். பெண்களின் பெயரை எழுதியதும் இரண்டு பட்டறைகளும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் நம் மொழியின் வளத்தை எண்ணி நான் மகிழ்வதுண்டு. ஆங்கிலத்தில் சகலருக்கும் மைத்துனருக்கும் சொல் ஒன்றே. நாம் பிரித்துச் சொல்வோம். டம்மரும் கோனியும் சகலர். பாஸ்டனில் நத்தானியல் ஹர்டும் டேனியல் ஹென்ச்மனும் மைத்துனர். நத்தானியலின் தந்தை ஜேக்கப் ஹர்டின் மகளை மணந்தவர் ஹென்ச்மன். டார்ட்மத் கல்லூரியின் முதல் பட்டமளிப்பு நடந்த 1771-ஆம் ஆண்டின் நினைவாக அளிக்கப்பட்ட பெரிய வெள்ளிக் கிண்ணத்தைச் செய்தவர் ஹென்ச்மன். அதில் எழுத்துப் பொறித்தவர் நத்தானியல். நியூயார்க்கிலோ மாமனார் மருமகன் கதை. பார்தலோமியு லெ ரூவிடம் தொழில் பழகிய பீட்டர் வான் டைக், 1711-இல் அவருடைய மகள் ரேச்சலை மணந்தார்.

ஏன் இப்படி உறவுக்குள்ளேயே தொழில் சுழன்றது? காரணம் எளிது. லண்டனில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடப் பொற்கொல்லர் சங்கத்தின் மன்றம் இருந்தது. பாஸ்டனில் அப்படி ஒன்று இல்லை. வாடிக்கையாளர் தம்மிடமிருந்த வெள்ளி நாணயங்களையும் பழைய பாத்திரங்களையும் கொண்டுவந்து கொடுப்பார். தட்டார் அதை உருக்கிப் பாத்திரம் ஆக்குவார். கலப்படம் செய்யவில்லை என்பதற்கு அவருடைய பெயர் ஒன்றே பிணை. ஆகவே தெரிந்த குடும்பம், நம்பிய கை, அறிந்த பெயர் ஆகியவையே முதலீடாயின. பட்டறைக் கருவிகளும் விலை மிக்கவை; அவை தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் வருவது இயல்புதானே.

"நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். யார் யாருக்கு மாமன் என்று ஆராய்வது வரலாறாகுமா? கலைப்பொருளின் அழகைப் பார்த்தால் போதாதா?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். வம்புக்காக மூலம் பார்ப்பது தவறுதான். தொழிலும் செல்வமும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, யார் கைக்குப் போகாமல் தடுக்கப்பட்டன என்று அறிய மூலம் பார்ப்பது வரலாற்று மாணவரின் கடமை. ஹல்லின் மகள் ஹன்னா மணந்தது நீதிபதி சாமுவேல் சூவலை. டம்மரின் மகன் வில்லியம், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் துணை ஆளுநரானார். வெள்ளி உருக்கிய வீட்டுக்கும் ஆட்சி நடத்திய வீட்டுக்கும் இடையே எத்தனை குறுகிய தூரம் என்பதைப் பாத்திரத்தின் அழகு நமக்குச் சொல்லாது. உறவுப் படம் சொல்லும்.

ஆனால் இந்தப் படத்தை எச்சரிக்கையோடு வரைய வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆவணம் சான்றாக நிற்க வேண்டும். 1998-இல் பட்ரீசியா கேன் வெளியிட்ட மாசசூசெட்ஸ் தட்டார்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுதி இதற்கு நல்ல வழிகாட்டி. உயில், சொத்துப் பட்டியல், வழக்குப் பதிவு, கணக்கேடு எனத் தேடித் தேடித் தொகுக்கப்பட்டது அது. ஊகத்தைப் புள்ளிக் கோடாகவும் உறுதியை முழுக்கோடாகவும் வரைவதே நேர்மை. கணிப்பொறி இன்று ஆயிரம் கோடுகளை ஒரு நொடியில் வரைந்துவிடும். எது முழுக்கோடு என்று தீர்மானிக்க வேண்டியவர் மனிதர்தாம்.

இன்னொன்றும் உண்டு. அதுவே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. 1722-இல் கோனி இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில், தொழில் பழகிய ரிவ்வாரின் எஞ்சிய ஏறத்தாழ மூன்றரை ஆண்டு உழைப்பும் 30 பவுன் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அவர் 40 பவுன் கட்டித் தம்மை விடுவித்துக்கொண்டு, தனிப் பட்டறை வைத்து, டெபோரா ஹிச்போர்னை மணந்தார். 1754-இல் அவர் மறைந்தபோது மகன் பாலுக்கு வயது 19. சொந்தமாகப் பட்டறை நடத்தும் சட்ட வயது வரவில்லை. பட்டறை கைமாறாமல் நின்றதில் தாய் டெபோராவின் பங்கு பெரிது என்றே நான் கருதுகிறேன். முத்திரையில் அவர் பெயர் இல்லை.

ரிவ்வாருக்காவது பணம் கட்டி விடுபட வழி இருந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அலெக்சாண்டர் பெட்ரி என்ற தட்டார் 1768-இல் இறந்தார். அவருடைய உடைமைகளோடு ஆபிரகாம் என்பவரும் விற்கப்பட்டார். ஆபிரகாம் வெள்ளி வேலை கற்ற கைவினைஞர், அடிமை. ஜொனாதன் சாரசின் என்ற நகை வணிகர் அவரை வாங்கினார். அதே 1768-இல்தான் பாஸ்டனில் பால் ரிவியர், மன்னரின் ஆணைக்குப் பணிய மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினர்களைப் போற்றி, "விடுதலைக் கிண்ணம்" என்று இன்று புகழப்படும் பாத்திரத்தைச் செய்தார். ஒரே ஆண்டு, ஒரே தொழில். ஒருவர் விடுதலையைப் பாராட்டும் எழுத்தை வெள்ளியில் பொறிக்கிறார். இன்னொருவர் வெள்ளிக் கருவிகளோடு கருவியாக விற்கப்படுகிறார்.

ஆபிரகாமை எந்தக் கோட்டால் இணைப்பது? மகன் என்றா, மருமகன் என்றா, கூட்டாளி என்றா? எதுவும் பொருந்தாது. அவருக்கென்று தனிக்கோடு ஒன்று வேண்டும். "விற்றார், வாங்கினார்" என்று அதன்மேல் வெளிப்படையாக எழுத வேண்டும். அந்தக் கோட்டை வரையத் தயங்கும் படம், எத்தனை நுட்பமாக இருந்தாலும், முதலாளிகளின் குடும்பப் படமாகவே இருக்கும்; தொழிலின் வரலாறாகாது.

எனவே நண்பர்களே, உறவுப் படங்களை நாம் வரைவோம், விரிவாகவே வரைவோம். அட்வாட்டர் சகோதரிகளையும் டெபோராவையும் ஆபிரகாமையும் பெயர் சொல்லி அதில் எழுதுவோம். முத்திரை குத்தியவரின் பெயரை வெள்ளி காப்பாற்றிவிட்டது. குத்த முடியாதவர்களின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு வரலாறு படிக்கும் நம்முடையது.