குண்டு பல்பு போச்சு, எல்.இ.டி. வந்தாச்சு... அப்புறம்?

எலெக்ட்ரிகல் படிக்கிறவன் என்று தெரிந்தால் போதும், ஊரில் ஒரே கேள்விதான். "தம்பி, இந்த எல்.இ.டி. பல்பு நெசமாவே கரண்டை மிச்சம் பண்ணுதா, இல்ல கடைக்காரன் விடுற கதையா?" சித்தப்பா கேட்கிறார், எதிர்வீட்டு அக்கா கேட்கிறார், டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்கிறார். இவர்களுக்குத் தியரி வேண்டாம், கணக்கு வேண்டும். போட்டுத்தான் பார்ப்போமே!

60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சம் ஏறத்தாழ 700 லூமென். அதே வெளிச்சத்தை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே, 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குக் குண்டு பல்பு இழுப்பது 21.6 யூனிட், எல்.இ.டி. இழுப்பது 3.24 யூனிட். நாலு பல்பு எரியும் வீட்டில் ஒரு பக்கம் 86 யூனிட், மறுபக்கம் 13 யூனிட்! 2016-இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, "அதான் ஃப்ரீ ஆச்சே, எந்த பல்பு எரிஞ்சா என்ன?" என்று பேசியவர்கள் உண்டு. அந்த நூறில் 86-ஐ நாலு குண்டு பல்பே விழுங்கிவிட்டால் ஃபேனுக்கும் டி.வி.க்கும் மீதி 14 தானே ஐயா!

வருஷக் கணக்குப் பார்த்தால் ஒரு பல்புக்கு வித்தியாசம் சுமார் 111 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 555 ரூபாய். ஆக, நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய எல்.இ.டி. ஒரே வருஷத்தில் உயிரை விட்டாலும் நமக்கு லாபம்தான். குண்டு பல்பு விலையில் மலிவு, ஆனால் அதன் ஆயுள் 1000 மணி நேரம். வருஷத்துக்கு இரண்டு வாங்கியாக வேண்டும். கையில் காசில்லாத வீடுதான் அன்றைக்கு மலிவானதை வாங்கி, பிறகு மாதாமாதம் மீட்டரில் அழுதது. இதை மாற்றத்தான் 2009-இல் மத்திய அரசு பழைய குண்டு பல்பை வாங்கிக்கொண்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2015-இல் உஜாலா திட்டம் வந்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 60 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. நீல ஒளி எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஆகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்ததில் தப்பே இல்லை. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் நம் வீட்டு வெள்ளை வெளிச்சம் பிறக்கிறது.

கிராமத்துக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. சாயங்காலம் லோ வோல்டேஜில் 180 வோல்ட் வந்தால் குண்டு பல்பின் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும்; டியூப் லைட் கண்ணைச் சிமிட்டுமே தவிர பிடிக்காது. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. அதே வோல்டேஜில் அப்படியே எரியும். பரீட்சை நேரத்தில் மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதற்காகக் குண்டு பல்பை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. உள்ளே போகும் கரண்டில் ஐந்து சதவீதம்தான் வெளிச்சம், மீதி சூடு. ஆனால் கோழிக்குஞ்சு வளர்ப்பவருக்கு அந்தச் சூடுதான் தேவை. ஷார்ட் சர்க்யூட் இருக்கிறதா என்று பார்க்க நம் லேபில் சீரீஸில் போடும் 100 வாட் பல்புக்கு எல்.இ.டி. ஈடாகுமா? தினம் பத்து நிமிஷம் மட்டும் எரியும் ஸ்டோர் ரூம் பல்பை அவசரப்பட்டு மாற்றுவதாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

சரி, எல்.இ.டி. ஜெயித்துவிட்டது. என் சண்டையே இதற்குப் பிறகுதான்.

அட்டைப் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறான். நம் கணக்குப்படி 11 வருஷம்! எங்கள் வீட்டில் ஒன்று எட்டு மாதத்தில் போய்விட்டது. திறந்து பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே ஓர் அலுமினியத் தட்டில் சின்னச் சின்ன எல்.இ.டி. சிப்புகள் சீரீஸில் நிற்கின்றன. பக்கத்தில் ரெக்டிஃபையர், கெபாசிட்டர், டிரைவர் ஐ.சி. பெட்டியில் உள்ள 25,000 மணி நேரம் பெரும்பாலும் சிப்பை வைத்துச் சொல்வது. மூடிய டூமுக்குள் பல்பு வெந்தாலோ, கரண்ட் போய்த் திரும்பும்போது எகிறும் வோல்டேஜில் அடிபட்டாலோ, கெபாசிட்டரோ டிரைவரோ முதலில் போய்விடும். அல்லது ஒரே ஒரு சிப்பின் நடுவில் கரும்புள்ளி விழும்; சீரீஸ் ஆயிற்றே, ஒன்று போனால் எல்லாம் இருட்டு. மற்ற சிப்புகள் எல்லாம் நல்லபடியாக இருக்க, முழு பல்பும் குப்பைக்கு!

டியூப் லைட் காலத்தில் இப்படியா இருந்தது? ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டர், சோக் போனால் சோக். ஸ்டூல் போட்டு ஏறி அம்மாவே ஸ்டார்ட்டரைத் திருகி மாற்றிவிடுவார். இன்றைக்கு மூடியைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். எத்தனை நட்சத்திரம் என்று அட்டையில் அச்சடிக்கிறார்களே, இதன் டிரைவரைக் கழற்றி மாற்ற முடியுமா, முடியாதா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? டிரைவரைத் தனியாகக் கடையில் விற்கட்டும், மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ வைக்கட்டும். பத்து வாட் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் போஸ்டர் ஒட்டும் அரசு இதையும் கேட்கலாம்.

அரசு கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் மாணவர் மன்றத்துக்கு என் கேள்வி. சிப் ஒன்று சில ரூபாய்தான். மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன், ஹாட் பிளேட் எல்லாம் லேபில் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது, முழு போர்டும் மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்தது. கரண்டில் இருக்கும்போது கை வைத்தால் ஷாக்தான். கழற்றி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் தொட வேண்டும். முதலில் அதே சீரீஸ் லாம்ப் வழியாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு நேரடி சப்ளைக்குப் போகலாம். குண்டு பல்பு இங்கேயாவது நம்மோடு இருக்கட்டும்.

ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி நிறைய செத்த எல்.இ.டி. பல்புகள் கிடக்கின்றன. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் லேபைத் திறந்துவிடத் துறைத் தலைவர் சம்மதித்தால், அந்தப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.