கச்சேரி வாசலில் இன்னும் காத்துக் கிடப்பதா?

படுவான்கரை உழவன் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து முடிப்பதற்கு எத்தனை நாளைச் செலவிட வேண்டும் என்று நம்மை நிருவகிக்கும் பெருமக்கள் என்றாவது கணக்கிட்டதுண்டா? முதல் நாள் போனால், உரிய உத்தியோகத்தர் வெளிக்களக் கடமைக்குப் போயிருப்பார். இரண்டாம் நாள் போனால், பிரதியில் சமாதான நீதவானின் முத்திரை தெளிவில்லை என்பார்கள். மூன்றாம் நாள், "வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். வைத்துவிட்டு வந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அறுவடைக் காலத்தில் மூன்று நாள்! அந்த மூன்று நாட் கூலியை எந்தத் திணைக்களம் தரப்போகிறது?

2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். நல்லது, நாம் குறை கூறவில்லை. ஆயினும் அன்று மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற அதே மனிதன் இன்று அலுவலக வாங்கிற் காத்துக் கிடக்கிறான். வாவியைக் கடக்க வழி செய்தவர்கள் மேசையைக் கடக்க வழி செய்யவில்லை.

தாளொன்றை வருடியில் வைத்துப் படமாக்கி, மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புவது இக்காலத்தில் வித்தையன்று. சந்தியிலுள்ள போட்டோப்பிரதிக் கடையில் ஐந்து நிமிட வேலை. கைத்தொலைபேசி ஒன்றிருந்தால் கடையும் வேண்டியதில்லை. அனுப்பிய நாளும் நேரமும் மின்னஞ்சலிலேயே பதிந்திருக்கும். "உமது கடிதம் வந்து சேரவில்லை" என்ற பழைய பல்லவியை அதன்பின் அத்தனை எளிதிற் பாட முடியாது. இந்த முறை சில மேசைகளுக்குக் கசப்பதன் காரணம் இதுவேயோ என்ற ஐயம் நமக்குண்டு.

சட்டம் இடந்தரவில்லை என்று சொல்ல வேண்டாம். ஓர் ஆவணம் மின்னியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதன் சட்ட வலுவை மறுக்கலாகாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கூறுகிறது. 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தகவலறியும் உரிமைச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. மின்வழி எழுதுவதும் எழுத்தே என்கிறது அச்சட்டம். கோரிக்கை கிடைத்ததும் எழுத்தில் ஒப்புகை தரவேண்டும், பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அலுவலரைக் கட்டியும் வைத்திருக்கிறது. ஆக, "என் விண்ணப்பம் என்னவாயிற்று?" என்ற கேள்வியை மின்னஞ்சலில் ஏற்றேயாக வேண்டிய அலுவலகம், அந்த விண்ணப்பத்தை மட்டும் மின்னஞ்சலில் ஏற்க மறுக்கிறது! இந்த விந்தைக்கு விளக்கம் கூறவல்லார் யாரேனும் உளரோ?

போலி ஆவணங்கள் வந்துவிடும் என்பது அவர்களின் அடுத்த வாதம். போட்டோப்பிரதியில் போலி செய்ய முடியாதா? அறுபது பிரதிக்கு ஒரே மூச்சில் முத்திரை குத்தப்படும்போது மூலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? மூலத்தைக் கேட்கும் நேரம் வேறு. முதலிற் படியை ஏற்று விண்ணப்பத்தைப் பதியுங்கள். தீர்ப்பளிக்கும் நாளில் உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று பயணம் ஒன்றாகும். காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை 2006ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அது சரியான விலக்கு. உறுதியை மின்னஞ்சலில் மாற்றித் தருமாறு எவரும் கேட்கவில்லை. பயிரழிவு முறைப்பாட்டையும் உரமானிய விண்ணப்பத்தையும் வாய்க்கால் உடைந்த செய்தியையும்தான் கேட்கிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளி, 1990இன் இடப்பெயர்வு, 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 தைமாத வெள்ளம் — இந்த மண்ணில் தகரப் பெட்டியோடு போன அனுமதிப்பத்திரங்களுக்குக் கணக்குண்டா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தந்தை பெற்ற பத்திரம் வெள்ளத்திற் போனால், மகன் நிற்கும் நிலம் யாருடையது? படியெடுத்து உறவினர் ஒருவரின் மின்னஞ்சலில் இட்டு வைத்த தாள் எந்த வெள்ளத்திலும் நனையாது. மூலத்துக்கு அது ஈடாகாதுதான். ஆனால் பத்திர இலக்கமும் நாளும் தெரிந்தால் பதிவேட்டிலே தேடுவதற்கு வழி பிறக்கும்.

மொழியின் சங்கதிக்கு வருவோம். 1956இன் 33ஆம் இலக்கச் சட்டத்தை நாம் மறந்தோமில்லை. அதன்பின் 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கிற்று. ஆதலின் தமிழில் அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தமிழில் மறுமொழி வேண்டும். கொழும்பிலிருந்து வந்தாலும் அப்படியே. நம்மவருக்கும் ஒரு சொல்: பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அப்படியே அனுப்பினால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது உரோம எழுத்துக் குப்பையாய்த் திறக்கும். அச்சிட்டு ஒப்பமிட்டுப் படமாக்கி அனுப்பினால் எழுத்துச் சிதையாது.

நம்முடைய ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் என்ன செய்கிறார்கள்? பையில் விலையுயர்ந்த தொலைபேசி. பிறந்த ஊரில் தந்தை வயதொத்தவர் கடைக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டி நிற்கிறார்! அந்தப் படம் கடைக்காரனின் கணினியில் எத்தனை மாதம் கிடக்கும் என்று அவர் அறியார். ஞாயிறுதோறும் வாசிகசாலையில் ஒருவர் இரண்டு மணிநேரம் இருந்தாற் போதும்: பக்கங்களை நிழல் விழாமற் படமெடுத்து, வரிசைப்படி ஒரே கோப்பாக்கி, தலைப்பிலே கிராம உத்தியோகத்தர் பிரிவையும் பத்திர இலக்கத்தையும் எழுதி அனுப்பிவிடலாம்.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலே வட்டவிதானைமார் எழுந்து கேட்க வேண்டியது பெரிய கோரிக்கையன்று. ஒவ்வொரு பிரதேச செயலகமும் கமநல சேவை நிலையமும் தன் மின்னஞ்சல் முகவரியை வாசற் பலகையில் தமிழில் எழுதிவைக்கட்டும். வந்த மடலை அன்றன்று திறப்பவர் இன்னாரென்று பதவிப் பெயரைக் குறிக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு இலக்கமிட்ட ஒப்புகையை மறுநாளைக்குள் அனுப்பட்டும். கூட்டக் குறிப்பிலே இது பதியப்படும் வரையில் எழுந்தவர் இருக்க வேண்டாம்.