வாசலுக்கு வரும் புடவை: கடைக்குள்ள இத்தனை லைட் இருந்தும் ஏன்?

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும்போது உங்க அம்மாவோ அத்தையோ என்ன செய்வாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நாலு புடவையை ஒதுக்கி வெச்ச பிறகு, “கொஞ்சம் வாசல்ல காட்டுங்க, கலரைப் பார்த்துக்கறேன்” என்பார்கள். விற்பனைப் பெண்ணும் மறுபேச்சு இல்லாமல் புடவையைத் தூக்கிக்கிட்டு வெளியே வருவார். உள்ளே தலைக்கு மேல் நாற்பது லைட் எரியும். ஆனால் கலர் பார்க்க மட்டும் சூரியன்தான் வேண்டும்!

இந்தக் காட்சியை நாம் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு புகார். ‘உங்க கடை வெளிச்சத்தை நான் நம்பலை’ என்று வாடிக்கையாளர் சொல்லாமல் சொல்கிறார்.

சேலத்துக்குக் கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையும் அரூர் ரோடும் பிரியும் இடம். சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். பேக்கரி, பரோட்டாக் கடை, செல்போன் கடை, நகைக்கடை, லாட்ஜ் என்று ஒவ்வொன்றும் பக்கத்துக் கடையைவிடப் பளிச்சென்று தெரியணும் என்று போட்டி போடும். சேலம் டவுனின் பெரிய ஷோரூம்கள் பத்து கிலோமீட்டரில் இருக்கும்போது, சின்னக் கடைக்காரருக்கு அந்தப் பதற்றம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் போட்டிக்குக் கட்டும் விலை இப்போது கூடிக்கிட்டே போகுது.

எல்.இ.டி. மிச்சம் எங்கே போச்சு?

2024 ஜூலையில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் 4.83 சதவிகிதம் உயர்ந்தது. 2025 ஜூலையில் மறுபடி 3.16 சதவிகிதம். மிகக் குறைவாகப் பயன்படுத்தும் பெட்டிக்கடைகளைத் தாண்டிவிட்டால், வணிக இணைப்பில் ஒரு யூனிட் இன்று 10 ரூபாய்க்கு மேல். இதுபோக, வாங்கிவைத்த லோடுக்கு கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் வேறு.

“நாங்கதான் எல்.இ.டி.க்கு மாறிட்டோமே” என்பீர்கள். சரி, ஒரு கணக்குப் போடுவோம்.

பழைய கடையில் 20 ட்யூப் லைட். சோக்கோடு சேர்த்து ஒன்று சுமார் 50 வாட் இழுக்கும். மொத்தம் 1,000 வாட். தினமும் 12 மணி நேரம் எரிந்தால் 12 யூனிட், மாதம் 360 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. ட்யூப் மாட்டினால் மாதம் 144 யூனிட்தான். மிச்சம் 216 யூனிட், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல்.

ஆனால் யாரும் அதோடு நிறுத்துவதில்லை. கடையைப் புதுப்பிக்கும்போது ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம். அதில் 18 வாட் பேனல் லைட் 40. சுற்றிலும் ஸ்ட்ரிப் லைட், வெளியே எழுத்து போர்டு எல்லாம் சேர்ந்து இன்னொரு 400 வாட். கூட்டிப் பாருங்க, 1,120 வாட்! ட்யூப் லைட் காலத்தைவிட அதிகம். கடையில் ஏ.சி. இருந்தால், இந்த லைட்டுகள் கக்கும் சூட்டை வெளியேற்றவும் தனியாகக் கரன்ட் செலவாகும்.

எல்.இ.டி. பல்பு ஒன்றை மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2014-ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-ல் அதுவே 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இறங்கியதும் நாம் கரன்டை மிச்சம் பிடிக்கவில்லை. லைட்டைத்தான் கூட்டினோம்.

கண்ணு ஏமாறும் இடம்

இவ்வளவு லைட் போட்டும் கடை ஏன் எடுப்பாகத் தெரியலை? விடை அயோத்தியாப்பட்டணத்திலேயே இருக்கு. அங்குள்ள கோதண்டராமர் கோயிலுக்கு உச்சிவெயிலில் போயிருக்கிறீர்களா? மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் நின்றால் தூணில் உள்ள சிற்பம் ஒவ்வொன்றாகத் துலங்கும். விளக்கு கூடவில்லை, கண்தான் பழகியது.

நம் கண் வெளிச்சத்தை மீட்டர் போல அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். கடை முழுக்க ஒரே சீராகப் பளிச்சென்று இருந்தால் எதுவுமே எடுப்பாகத் தெரியாது. தரையும் பளிச், சுவரும் பளிச், புடவையும் பளிச். எதைப் பார்ப்பது? பொதுவெளிச்சத்தைக் குறைத்து, சரக்கு இருக்கும் இடத்தில் மட்டும் சுமார் மூன்று மடங்கு வெளிச்சம் விழச் செய்தால் கண் தானாக அங்கே போகும். ஒளி அமைப்பாளர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி இது. இதற்குக் கூடுதல் லைட் தேவையில்லை. இருக்கும் லைட்டில் பாதியை அணைத்துவிட்டு, மீதியைத் திருப்பி வைத்தாலே போதும்.

நடைபாதைக்கு மேலே வரிசையாக பேனல் மாட்டியிருக்கும் கடையை கவனியுங்கள். வெளிச்சம் வாடிக்கையாளரின் உச்சந்தலையில் விழும். அலமாரியில் இருக்கும் சரக்கு அவர் நிழலில் இருக்கும்.

வெள்ளையா, மஞ்சளா?

லைட் கடையில் ‘கூல் ஒயிட்’, ‘வார்ம்’ என்று கேட்டு வாங்குகிறோம். பெட்டியில் 6500 கே, 4000 கே, 3000 கே என்று எழுதியிருக்கும். எண் கூடக்கூட நீலம் கலந்த வெள்ளை. குறையக்குறைய மஞ்சள். நம்ம ஊரில் வெளிச்சம் என்றாலே 6500 என்று ஆகிவிட்டது.

சேலம் வெள்ளிக் கொலுசுக்கு அந்த வெள்ளை பொருந்தும். தங்கத்துக்கு 3000. சாம்பாரும் பரோட்டா சால்னாவும் 6500 வெளிச்சத்தில் வெளிறித் தெரியும், 3000-ல் பசியைக் கிளப்பும். அதனால் சாப்பிடும் இடத்துக்கு மஞ்சள். அடுப்படிக்கும் காய் நறுக்கும் மேடைக்கும் நல்ல வெள்ளை. அங்கே அழகு முக்கியமில்லை, கல்லும் புழுவும் கண்ணில் படணும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. யாரும் கேட்பதில்லை. சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் சின்னதாக இருக்கும். ஒரு பொருளின் நிறத்தை அந்த லைட் எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. உச்சம் 100. விலை மலிவான லைட்டுகள் பலவும் 80-க்குக் கீழே. அரக்குச் சிவப்பும் மெரூனும் ஒன்று போலத் தெரிவது இதனால்தான். ஜவுளிக்கடையில் 90-க்கு மேல் உள்ளதை எல்லா இடத்திலும் மாட்ட வேண்டாம். புடவையை விரித்துக் காட்டும் மேசைக்கு மேலும் ட்ரையல் ரூமிலும் மாட்டினாலே, வீட்டுக்குப் போய் “கலர் வேற மாதிரி இருக்கு” என்று திரும்பி வரும் புடவை குறையும்.

இதற்கு நேர்மாறான வித்தையும் நடக்கிறது. இறைச்சிக் கடையில் சிவப்பு லைட், காய்கறிக்குப் பச்சை, மாம்பழத்துக்கு மஞ்சள். பழசைப் புதுசாகக் காட்டும் வேலை. இறைச்சியின் உண்மை நிறத்தை மறைக்கும் லைட்டுக்கு தென்கொரியா 2024-ல் தடை போட்டுவிட்டது. நம்மிடம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கறி வாங்கும்போது, “வெளிச்சத்துல காட்டுங்கண்ணா” என்று கேளுங்கள். புடவைக்குக் கேட்கிறோமே!

மாட்டியதோடு மறந்துவிடுகிறோம்

ட்யூப் லைட் கெட்டால் மினுக்கும், சோக் ‘ஙொய்ய்’ என்று கத்தும். எல்.இ.டி. அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது. சத்தமில்லாமல் மங்கும். பெட்டியில் போட்டிருக்கும் ‘25,000 மணி நேரம்’ என்பது பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவிகிதத்துக்கு இறங்கும்வரையான கணக்கு. தினம் 12 மணி நேரம் எரித்தால் ஆறு வருஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் டிரைவர் போய்விடும் வாய்ப்பும் அதிகம். சூடுதான் டிரைவருக்கு எமன். காற்றே இல்லாத ஃபால்ஸ் சீலிங்குக்குள் திணித்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

நெடுஞ்சாலைப் புழுதி படிந்தால் வெளிச்சம் இன்னும் குறையும். மங்கியதும் துடைக்காமல், ‘லைட் பத்தலை’ என்று இன்னும் நாலு லைட் மாட்டுகிறோம். பில் ஏறுவது இப்படியும்தான்.

கெட்ட பேனலுக்குப் பதில் கையில் கிடைத்ததை மாட்டினால் ஒரே கூரையில் நாலு விதமான வெள்ளை. பல கடைகள் பழசாகத் தெரிவதற்கு இந்தத் திட்டுத் திட்டான வெளிச்சம்தான் காரணம், பெயின்ட் அல்ல.

இன்னும் ட்யூப் லைட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், இந்தியா உட்பட, 2023-ல் ஜெனீவாவில் கூடி, ஃப்ளோரசன்ட் ட்யூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள முடிவெடுத்தன. எப்படியும் மாறித்தான் ஆகணும். மாறும்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றாமல், எந்த இடத்துக்கு எவ்வளவு என்று யோசித்து மாற்ற இதுவே நேரம்.

வெளியே தொங்கும் ஆபத்து

பண்டிகைக்குக் கட்டிய சீரியல் செட் பொங்கல் தாண்டியும் தகரக் கூரையிலும் இரும்பு கிரில்லிலும் தொங்கும். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மழையில் நனைந்தால், கிரில்லைத் தொடும் வாடிக்கையாளருக்கே ஷாக். வெளியே மாட்டுவது ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். அதன் ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ‘ட்ரிப் ஆகி உயிரை வாங்குது’ என்று அதைக் கழற்றி வைப்பதைவிட ஆபத்தான காரியம் கிடையாது. அது ட்ரிப் ஆவது கசிவு இருப்பதால்தான்.

மின்கட்டண அட்டவணையில் ஆடம்பர அலங்கார விளக்குக்கு என்றே ஒரு வகை உண்டு, தற்காலிக இணைப்போடு சேர்த்து. அதன் கட்டணம் வணிகக் கட்டணத்தையும்விட அதிகம். கட்டடத்துக்கு வெளியே பெரிதாக அலங்காரம் செய்யும் முன் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சமையலறையில் லைட்டுக்கு மூடி இருக்கா என்றும் பாருங்கள். லைட் உடைந்தால் துண்டுகள் உணவில் விழாதபடி அமைக்கணும் என்று 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன.

ராத்திரிக் கடைக்கு வேறு வெளிச்சம்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க தமிழக அரசு 2019-ல் அனுமதி கொடுத்தது. 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தது. மேட்டுப்பட்டி சுங்கச்சாவடி வழியாக ராத்திரி முழுக்க வண்டி ஓடும் இந்த ரோட்டில், விடிய விடிய திறந்திருக்கும் உணவகங்களுக்கு இது வாய்ப்புதான். ஆனால் இருட்டுக்குப் பழகிய டிரைவரின் கண்ணில் திடீரென்று ஓடும் எழுத்து போர்டு அடித்தால், சில விநாடிகள் ரோடே தெரியாது. ரோட்டோரம் நடப்பவரும் தெரிய மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்டின் வெளிச்சத்தைக் குறைக்கலாம். ஃபோக்கஸ் லைட்டை ரோட்டுப் பக்கம் திருப்பாமல், தரையைப் பார்த்துத் தாழ்த்தலாம். மழைக்காலத்தில் ஈசல் மொய்த்து, லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்த அனுபவம் எல்லா பரோட்டாக் கடைக்கும் இருக்கும். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும்.

வெளிச்சம் உண்மையில் பத்தாத இடங்களும் உண்டு. கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறை, லாட்ஜ் மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், வேலை முடிந்து பெண்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் சந்து. முகப்பில் 400 வாட் எரியும் கடையின் பின்வாசலில் ஒரு 9 வாட் பல்பு இல்லை என்றால், பணப் பற்றாக்குறை என்று சொல்ல முடியுமா?

இந்த வாரமே செய்யலாம்

* ராத்திரி எட்டு மணிக்கு எதிர்ப்புறம் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது சரக்கா, லைட்டா?
* லைட்டை ஒவ்வொரு வரிசையாக அணைத்துப் பாருங்கள். அணைத்தும் வித்தியாசம் தெரியாத வரிசை உங்களுக்குத் தேவையில்லை.
* செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். லைட் துடிப்பது தெரிந்தால் அதன் டிரைவர் மட்டம். நாள் முழுக்க அதன் கீழ் நிற்கும் ஊழியர்களுக்குத் தலைவலி வர அதுவும் காரணமாக இருக்கலாம்.
* மாதம் இருமுறை மெயினை அணைத்து, உலர்ந்த துணியால் லைட்டுகளைத் துடையுங்கள்.
* லைட் வாங்கும்போதே அதே பேட்ச்சில் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். மாட்டிய தேதியை அதன் பின்னால் மார்க்கரில் எழுதுங்கள்.
* வருஷத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த், நியூட்ரல் இணைப்புகளை இறுக்கச் சொல்லுங்கள். த்ரீ ஃபேஸ் கடையில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, ஒரே ராத்திரியில் எல்லா டிரைவரும் போய்விடும்.

அடுத்த முறை ஒரு அம்மா புடவையை வாசலுக்கு எடுத்துக்கிட்டு வந்தால் கடைக்காரர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். வாசலில் பார்த்த கலரும் உள்ளே பார்த்த கலரும் ஒன்றுதானா என்று அவரிடமே கேளுங்கள். எந்த லைட்டை மாற்றணும் என்பதை, ஒரு பைசா வாங்காமல் சொல்லிவிடுவார்.