கழுத்துப் பட்டையா, கல்வியா?

வருசநாட்டு மலையடிவாரத்தில் விடிந்தும் விடியாததுமாக ஒரு வேன் வந்து ஒலி எழுப்புகிறது. இலவந்தோப்பில் காய் பொறுக்கப் போகும் தாய், தன் மூன்றரை வயது மகனைத் தூக்கி அதற்குள் வைக்கிறாள். கழுத்தில் பட்டை, காலில் பூட்சு, கண்ணில் தூக்கம்! ஆண்டிபட்டியிலோ தேனியிலோ ஓர் 'இங்கிலீஷ் மீடியம்' அவனுக்காகக் காத்திருக்கிறது. வாங்கிய கூலியை வாய்க்கும் வயிற்றுக்கும் போடாமல் வேன் வாடகைக்குக் கட்டுகிறாள் அந்தத் தாய்.

அவளை நாம் ஏசவில்லை. என்னைப்போல் என் பிள்ளையும் முதுகு வளையக்கூடாது என்கிறாளே, அந்த எண்ணம் பொன். அந்தப் பொன்னை வாங்கிக்கொண்டு பித்தளையைத் தருகிறார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

"மேனாட்டு முறையில் மழலையர் கல்வி" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நல்லது. மேனாட்டில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே! கப்பல் ஏற வேண்டாம், புதுச்சேரி வரை போனால் போதும். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லீசே இன்றும் அங்கே நடக்கிறது. மழலை வகுப்பும் உண்டு, பாடத்திட்டம் பிரான்சு நாட்டுடையது. அந்நாட்டில் மழலைப் பள்ளிக்கு வைத்திருக்கும் பெயரிலேயே தாய் இருக்கிறாள்: 'எக்கோல் மாத்தெர்னெல்'. அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் 1881-லேயே ஒழிந்தது. 2019 முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். மூன்று வயதில் என்ன பாடம்? பேசுவது, கேட்பது, ஆடுவது, அடுக்குவது. முறையாக வாசிக்கக் கற்பிப்பது ஆறு வயது வகுப்பில்தான்.

எந்த மொழியில் பேச்சு? அவர்கள் நாட்டு மொழியில்! பாரிசுத் தொழிலாளி எவனும் நாகரிகம் என்று நினைத்துத் தன் மூன்று வயதுப் பிள்ளையைப் புரியாத மொழியில் பூட்டி வைப்பதில்லை.

புதுவையைப் பிரெஞ்சுக்காரன் ஆண்டபோதுகூடத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர வாத்தியார் தேவைப்பட்டார். 1909-ல் காரைக்காலை அடுத்த நிரவியில் அந்த வேலையை ஏற்ற பதினெட்டு வயது இளைஞர் யார் தெரியுமா? நம் பாவேந்தர் பாரதிதாசன்! 1946 வரை அதே தொழில்.

பிரான்சிலேயே இன்னொரு வாத்தியார் இருந்தார். செலஸ்தேன் ஃபிரெனே என்று பெயர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பட்டவர். நெடுநேரம் நின்று பேச மூச்சு இடம் கொடுக்காது. 1920-ல் பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு வந்தார். ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகள். பிரசங்கம் செய்ய முடியாத வாத்தியார் என்ன செய்தார்? பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார். வயலைக் காட்டினார், தச்சன் பட்டறையைக் காட்டினார். திரும்பி வந்ததும், "கண்டதைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னதை எழுத வைத்தார். 1924-ல் ஒரு சிறு அச்சுப் பொறியை வாங்கி வகுப்பிலே வைத்தார்; பிள்ளைகளே எழுத்துக் கோத்து, தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சிட்டார்கள்! தொலைவிலிருந்த வேறொரு பள்ளிக்கு அதை அனுப்பி, அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். தன் அப்பன் செய்யும் வேலையைப் பற்றித் தன் மொழியில் தானே எழுதி அச்சில் பார்த்த பிள்ளைக்கு அந்த வேலை கேவலம் என்று தோன்றுமா? மேட்டுக்குடியினருக்கு அது பொறுக்கவில்லை. 1933-ல் அவரை வேலை பார்த்த ஊரைவிட்டே கிளப்பினார்கள். மனிதர் சளைக்கவில்லை, 1935-ல் வான்ஸ் ஊரில் சொந்தமாகப் பள்ளி திறந்தார்.

வருசநாட்டுப் பிள்ளைக்குச் சொல்ல என்ன குறை? இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைச் சொல்வான். மலையிலிருந்து வைகை இறங்கி வருவதைச் சொல்வான். தமிழில் கேட்டால்தானே சொல்வான்! வேன் ஏறிப் போன இடத்தில் வாயைத் திறந்து தமிழ் பேசினால் கண்டிப்பு. பிள்ளை ஒப்பிக்கிறான், பொருள் தெரியாது. தாய் காத்திருக்கிறாள். இலவு காத்த கிளியின் கதையை இலவந்தோப்புக்காரர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ!

ஆங்கிலம் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. 1968-ல் இருமொழிக் கொள்கையை ஏற்ற நாடு இது. வேர் பிடித்த பிறகு வரட்டும் என்கிறோம்.

வழி நம்மிடமே இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த அட்டை வழிக் கல்வியில், வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அங்கன்வாடிக்கோ 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றே பாடத்திட்டம் உண்டு. இல்லாதது ஆள், அதற்கேற்ற சம்பளம். 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புத் திறந்தார்கள். 2022-ல் மூடப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழவே மீண்டும் நடக்கும் என்றார்கள். அதற்கு அமர்த்திய தற்காலிக ஆசிரியருக்கு மாதம் 5,000 ரூபாய்! பிஞ்சு மூளையைப் பண்படுத்தும் வேலைக்கு இதுவா கூலி? எவர் ஆட்சியில் இருந்தாலும் இதைக் கேட்கத்தான் செய்வோம்.

மே முதல் நாள் ஊர்தோறும் கிராம சபை கூடும். கொடியேற்றிய கையோடு கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வாலிப்பாறைத் தோழர்கள் அங்கே போக வேண்டும். நம் ஊர் அங்கன்வாடிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியை உண்டா? கூரை ஒழுகுகிறதா? பிள்ளை அடுக்கி விளையாட நாலு மரக்கட்டையாவது இருக்கிறதா? கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.