கம்ப்ரஷன் இருந்தால் போதுமா?

கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது, பிறகு எதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று கேட்கிறார் நண்பர். ஆர்எக்ஸ் 100 ஓட்டிப் பழகியவர் அப்படித்தான் கேட்பார். அதன் சிலிண்டருக்குள் இருப்பது இரும்பு லைனர். தேய்ந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிவிடலாம். ஆனால் பேச்சு யமஹா ஒய்இசட் 125 பற்றியது. மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. அதன் அலுமினிய சிலிண்டரின் உட்சுவரில் இருப்பது நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த மெல்லிய பூச்சு. அது பெயர்ந்தால் வெறும் போர் வேலையோடு முடியாது. மறுபடி பூசியாக வேண்டும். நம்மூர் லேத் பட்டறையில் நடக்கிற காரியமல்ல.

கம்ப்ரஷன் வாதம் இன்னும் மோசம். கேஜ் காட்டுவது ரிங் எவ்வளவு அடைக்கிறது என்பதை. பிஸ்டன் ஸ்கர்ட்டில் விழுந்த விரிசலை அல்ல. அந்த ஸ்கர்ட் ஒருநாள் உடைந்து கிராங்க்கேஸுக்குள் விழும். பிறகு எஞ்சினையே பிளக்க வேண்டியதுதான். பிஸ்டன் செலவை மிச்சம் பிடித்தவர் கிராங்க்குக்கும் சேர்த்து அழுவார்.

ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்பதும் அரைச் சிக்கனமே. ஓடிய மணிநேரத்தைக் குறித்துவைத்து, பிஸ்டன், ரிங், பின், சர்க்லிப், கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். (பழைய சர்க்லிப்பையே திரும்ப மாட்டுகிறவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.) புது ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கட்டும். திருப்பிப் போட்டால் ரிங் முனை போர்ட்டில் மாட்டும்.