சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குளிர்காலம் முழுக்க ஐரோப்பியர்கள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குகிறார்கள். அவர்களில் பலர் காய்கறி, கேழ்வரகு மாவு, செக்கு எண்ணெய் எல்லாவற்றையும் மருந்தடிக்காத இடமாகப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். விற்பவர் முகம் தெரியும், தேவைப்பட்டால் சைக்கிளில் போய் அவருடைய கொல்லையையே பார்த்துவிட்டு வரலாம். அதே மனிதர்கள் ஊர் திரும்பியதும், பொட்டலத்தில் இயற்கை விளைபொருளுக்கான பச்சை இலை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கடலையை எடுப்பார்கள். அங்கே அவர்களுக்கு விளைவித்தவரின் முகம் தெரியாது. அந்த முகத்துக்குப் பதிலாக நிற்பதுதான் சான்றிதழ்.

செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர் சமீபத்தில் என்னிடம் வருத்தமாகக் கேட்டார்: “நாலு வருஷமா யூரியா மூட்டைய கையால தொடல சார். மல்லாட்டை நல்லாத்தான் காய்ச்சிருக்கு. இத வெளிநாட்டுக்கு அனுப்ப நான் யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?” நியாயமான கேள்வி. மல்லாட்டை என்னும் நிலக்கடலைச் சாகுபடியில் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று நம்முடையது. ஆனால் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் தெரிந்தவர்கள் கிராமங்களில் மிகக் குறைவு.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இயற்கை விளைபொருள் ஏற்றுமதிக்கான நம் நாட்டுத் தரம், மத்திய வர்த்தக அமைச்சகம் 2001-ல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். நடத்துவது அந்த அமைச்சகத்தின் கீழுள்ள ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபேடா. அதன் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள்தான் வயலுக்கு வந்து பார்க்கும். தமிழ்நாட்டில் அரசுத் துறையே கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தச் சான்றை வழங்குகிறது. பி.ஜி.எஸ். என்று இன்னொன்றும் உண்டு. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் முறை அது. உள்ளூர்ச் சந்தைக்கு அருமையானது, ஏற்றுமதிக்குச் செல்லாது. இது தெரியாமல் பி.ஜி.எஸ். சான்றை எடுத்துக்கொண்டு ஏற்றுமதியாளரிடம் போய் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்பித்த மறுநாளே சான்று கைக்கு வராது. நெல், கடலை, எள் போன்ற பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மா, முந்திரி போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் நிலம் மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் மகசூல் குறையலாம், இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காது. சிறு விவசாயி மூச்சுத் திணறுவது இங்கேதான். இந்த இடைவெளியைத் தாங்க அவருக்கு ஒரு கை வேண்டும்.

ஆய்வாளர் வந்தால் எதைப் பார்ப்பார்? பெரும்பாலோர் பயிரை என்று நினைக்கிறார்கள். அவர் முதலில் கேட்பது குறிப்பேட்டை. விதை எங்கே வாங்கியது, கடையில் மருந்து தோய்த்து விற்கும் விதையா, விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிர்ப் பூஞ்சைக்கொல்லி கிலோவுக்கு நான்கு கிராம் போட்டதற்கு ரசீது உண்டா, மண் அணைக்கும்போது போட்ட ஜிப்சம் எங்கிருந்து வந்தது, எரு சொந்த மாட்டுடையதா வெளியில் வாங்கியதா என்று ஒவ்வொன்றாகப் போகும். பிறகு பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தடித்தால் காற்றில் இந்தப் பக்கம் வராமலிருக்க இடைவெளி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு வீட்டுத் திண்ணை. அங்கே அடுக்கியிருக்கும் கடலை யூரியா சாக்கில் கட்டியிருந்தால் போச்சு. நம் ஊரில் யூரியா சாக்கு இல்லாத வீடு ஏது? படுதாவாகவும் பையாகவும் நம்மோடு கலந்துவிட்ட பொருள் அது. வயலில் ஒரு சொட்டு ரசாயனம் படாமல் விளைந்தது, களத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தகுதியை இழந்துவிடும். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய கைத்தெளிப்பானைக் கழுவாமல் வேப்பெண்ணெய் தெளித்தாலும் இதே கதைதான்.

இன்னொன்றையும் விவசாயிகள் அறிய வேண்டும். இயற்கைச் சான்று இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்குக் கிடையாது. கடலையின் பெரிய எதிரி அஃப்லாடாக்சின். அது ஒரு பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு, முழுக்க இயற்கையானது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலையை ஐப்பசி மழையில் பிடுங்கி, ஈரக் களத்தில் குவித்துவைக்கும்போது அந்தப் பூஞ்சைக்கு நாமே பந்தி விரிக்கிறோம். மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இன்னும் மோசம். ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைப்பதும், காய்ந்ததை மறுபடி நனைக்காமலிருப்பதும் எந்த முத்திரையைவிடவும் முக்கியம்.

எள் விஷயத்தில் நாடே சூடுபட்டது. 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை பெல்ஜியம் கண்டுபிடித்தது. கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் வாயு அது. ஐரோப்பாவில் அனுமதி கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான். பல நாடுகளில் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன, இயற்கை முத்திரையோடு போனவையும் அவற்றில் இருந்தன. அந்த வாயுவை விவசாயி தன் வயலில் அடிப்பதில்லை. அது அறுவடைக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத கிடங்கில் நடக்கும் வேலை. பழியும் விலைச் சரிவும் மட்டும் அவரையும் வந்து சேர்ந்தன.

இதே காலத்தில் விதிகளும் இறுகிவிட்டன. நம் திட்டத்தின் சான்றளிப்பை 2006 முதல் ஏற்றுவந்த அமெரிக்கா 2021 ஜனவரியில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. இப்போது அங்கே அனுப்ப வேண்டுமானால் அமெரிக்கத் தரத்தின்படி நேரடியாகச் சான்று பெற வேண்டும். ஐரோப்பாவின் புதிய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவசாயிக் குழு தனக்கென்று சட்டப்பூர்வ அமைப்பு கொண்டிருக்க வேண்டும், உறுப்பினர் 2,000 பேரைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நம் திட்டத்தின் எட்டாம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதுவும் குழுக்கள் சட்டப்படி பதிவுபெற்றிருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

இந்தக் கடைசி விதியை நான் நல்வாய்ப்பாகப் பார்க்கிறேன். ஒரு விவசாயி தனியாகச் சான்றுச் செலவைத் தாங்குவது கடினம். அதனால்தான் குழுச் சான்று வந்தது. குழுவுக்குள்ளேயே ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிலத்தையும் பார்ப்பார்கள், வெளியிலிருந்து வரும் நிறுவனம் விவசாயிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கும். ஆனால் பல இடங்களில் அந்தக் குழுவைக் கட்டியதும் செலவைக் கொடுத்ததும் ஏற்றுமதி வணிகர். ஆவணங்களும் அவர் அலுவலகத்தில்தான். விவசாயியின் பெயர், சர்வே எண், எதிர்பார்க்கும் மகசூல் எல்லாம் அபேடாவின் டிரேஸ்நெட் கணினியில் ஏறியிருக்கும், அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது. அடுத்த ஆண்டு வேறொருவர் மூட்டைக்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்றால், இயற்கை விளைபொருளாக அதை விவசாயியால் விற்க முடியாது. மூன்று ஆண்டு அவர் பட்ட பாடு இன்னொருவர் அலமாரியில் கோப்பாக இருக்கிறது. நிலம் அவருடையது, உழைப்பு அவருடையது, நம்பகத்தன்மை மட்டும் வணிகருடையது என்றாகிவிடுகிறது.

பதிவுபெற்ற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. கடலைக்கும் எள்ளுக்கும், ஜவ்வாது மலைச் சாமைக்கும் சான்றை அவையே தங்கள் பெயரில் வாங்க வேண்டும். குறிப்பேடு எழுத, கிராமத்தில் படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்கலாம். தமிழக அரசு 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அந்தக் கொள்கைக்கு உயிர் வரவேண்டுமானால், மாற்றக் கால ஆண்டுகளுக்கு உதவித்தொகை, சோதனைக்கூடக் கட்டணத்தில் பங்கு, தார்ப்பாயும் சுத்தமான சணல் சாக்கும் என்று அது களத்துக்கு இறங்கி வரவேண்டும். அஃப்லாடாக்சின் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கு மாதிரி அனுப்பிக் காத்திருக்கும் குழு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

செங்கத்து விவசாயிக்கு நான் சொன்னதும் இதுதான். யாராவது குழுவில் சேரச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் யார் பெயரில் வருகிறது? அதன் நகல் எனக்குக் கிடைக்குமா? நல்ல விலை கிடைத்தால் வேறு இடத்தில் இதே சான்றோடு விற்கலாமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். முதல் இரண்டு ஆண்டு சிரமம்தான். அதன்பிறகு உங்கள் கடலைக்கு விலை பேசும் இடத்தில் நீங்களும் ஒருவராக உட்கார்ந்திருப்பீர்கள்.