ஆற்றோரம் தேடிய இறைவன்

கண்டி எசல பெரஹராவின் முடிவில், கெட்டம்பேயில் கப்புராளைமார் வாளால் மகாவலி நீரை வெட்டிக் குடங்களில் எடுத்துச் செல்கின்றனர். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களில் அந்நீர் அடுத்த ஆண்டுவரை பேணப்படுகிறது. மழையையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்தவன் அங்கேயே இறைவனைத் தேடியதில் வியப்பில்லை. நாம் சூரியனுக்குப் பொங்குவதும், நீரில் திருமுழுக்குப் பெறுவதும் இதே தேடல்தான்.

அதே ஆற்றைக் கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை மறித்து நிற்கிறது. 1985இல் திறக்கப்பட்ட இந்த அணையின் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரும் தும்பறை வயல்களும் மூழ்கின. குடும்பங்கள் வேறிடங்களில் குடியேற்றப்பட்டன. வயலுக்கு மாற்றுக் காணி கொடுக்கலாம்; தலைமுறைகள் விளக்கேற்றிய அரசமரத்தடியை எந்த நட்டஈட்டுக் கணக்கில் எழுதுவது? வரட்சியில் நீர் வற்றும்போது, வெளித்தெரியும் பழைய நகரின் எச்சங்களைக் காண மக்கள் இன்றும் செல்கின்றனர்.

அன்பான விவசாயக் குடும்பங்களே, துன்பம் தாளாது ஓடிய ஆகார், பாலைநிலத்து நீரூற்றருகேதான் தன்னைக் காணும் கடவுளை அறிந்தாள். மீள்குடியேற்றத் திட்டத்தில் வீட்டோடும் காணியோடும் வழிபாட்டிடம், நிழல்மரம், நீர்த்துறை ஆகியவையும் இடம்பெற வேண்டும். இது சலுகை அல்ல, உங்கள் உரிமை. சங்கக் கூட்டங்களில் இதைத் துணிந்து கேளுங்கள்.